படத்தில் இல்லாத குசினி

முனவ்வறாவின் பெயருக்கு வந்த கடிதத்துக்குள் ஹுஸ்னியாவின் பெயரும் இருந்தது. ஐந்தாம் பக்கத்தில், ஒரு புகைப்படத்தின் அடியில், சிறிய எழுத்தில் ஒரு பிழையும் இல்லாமல் அச்சிட்டிருந்தார்கள். படம் எடுத்தவர் ஹுஸ்னியா. எடுத்த நாள் 2022 மார்ச் 12. இடம் ஒலுவில் கடற்கரை. அதற்கும் கீழே, படம் திறந்த உரிமத்தின்படி பயன்படுத்தப்படுகிறது என்று ஒரு வரி.

கடிதத்தைக் கொண்டுவந்தவர் முனவ்வறாவேதான். சனிக்கிழமை காலையில் ஒலுவிலில் பஸ் ஏறி, கல்முனையில் இறங்கி, ஹுஸ்னியாவின் வீட்டு மதிலோரம் நின்று கூப்பிட்டார். ஒரு கையில் கடிதம் வைத்த சொப்பிங் பை, மறு கையில் வாழையிலையில் சுற்றிய இடியப்பம். விடியுமுன் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறவர் அவர். எங்கே போனாலும் வெறுங்கையோடு போகமாட்டார்.

“டீச்சர், இதுல ஒங்கட பேர் கிடக்காம். மகள் றுஸ்னா வாசிச்சிப்போட்டுச் சென்னாள். இத முதல்ல பாருங்க, மறுகா தேத்தண்ணி.”

ஹுஸ்னியா வாசலில் நின்றபடியே வாசித்தாள். கடிதம் பிரதேச செயலகத்திலிருந்து வந்திருந்தது. விஷயம் இதுதான். ஒலுவில் கடற்கரையில் ஒரு துண்டு நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குத் தரும்படி ஒரு ஹோட்டல் கொம்பனி விண்ணப்பித்திருக்கிறது. அந்தத் துண்டுக்குள் முனவ்வறாவின் வீட்டு வளவும் வருகிறது. 2022 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்பிருந்தே வீடு வைத்துக் குடியிருப்பவர்களின் காணி அனுமதிப்பத்திரம், அதாவது பேர்மிற், செல்லும், அவர்களை எழுப்ப முடியாது. அதற்குப் பிறகு கட்டியது எதுவானாலும் அத்துமீறல். முனவ்வறாவின் வளவில் இப்போது நிற்கும் இரண்டு அறைகளும் இடியப்பம் அவிக்கிற குசினியும் பிறகு கட்டியவை என்று கொம்பனி சொல்கிறது. அதற்கு ஆதாரம் ஐந்தாம் பக்கத்துப் படம். ஆட்சேபம் இருந்தால் பதினெட்டாம் திகதி விசாரணைக்கு வரவேண்டும்.

படத்தில் வெறும் மணல். மணலில் நட்டுவைத்த ஒரு பழைய கதவு. பின்னால் கடல். கதவின் நடுவே மருதோண்டிச் சிவப்பில் ஒரு கையடையாளம். அன்றைக்கு ஹுஸ்னியா எழுதிய விளக்கத்தையும் அப்படியே போட்டிருந்தார்கள்: இந்த வீட்டில் மிஞ்சியது இந்தக் கதவு மட்டும்.

“இது நாம எடுத்த படம்தானே?” என்று முனவ்வறா கேட்டார்.

“ஓம் ராத்தா.”

“அப்ப நம்மட சாமான். நீங்க திருப்பி எடுத்துப்போட்டா அவங்கட கையில ஒண்டும் இல்லத்தானே? நானும் றுஸ்னாவுக்கு அதத்தான் சென்னன். டீச்சர் ஒரு சொல்லுச் சென்னா முடிஞ்சிரும், நீ ஒப்பாரி வெக்காத எண்டு.”

முனவ்வறா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் ஹுஸ்னியா தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

றுஸ்னா அவருடைய ஒரே மகள். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டாம் வெள்ளி அவளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை பாலமுனைப் பையன், அஸ்கி என்று பெயர். அந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார், தாய் பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்கி ஒதுங்கிக்கொள்வார். முனவ்வறாவின் வீட்டில் விறாந்தை, மண்டபம், முன்னறை எல்லாவற்றையும் கடல் கொண்டுபோயிருந்தது. மிஞ்சிய இரண்டு அறைகளுக்கும் குசினிக்கும் அவர் போன வருடத்துக்கு முந்தின வருடம் புதுத் தகரம் போட்டார், சுவருக்குப் புதுசாகப் பூசினார். எல்லாம் மகளுக்காக. அந்தப் புதுத் தகரமும் புதுப் பூச்சும்தான் இப்போது கொம்பனிக்கு வாய்த்தன. கரண்ட் மீற்றரோ முன் சுவரோடு எப்போதோ போய்விட்டது. பில் என்று காட்ட ஒரு துண்டு இல்லை.

தேத்தண்ணி குடித்து முடிந்ததும், “பதினெட்டாந்திகதி நான் வாறன் ராத்தா” என்றாள் ஹுஸ்னியா. முனவ்வறா ஆறுதலோடு பஸ்ஸுக்குப் போனார்.

*

ஹுஸ்னியா கல்முனையில் ஒரு பாடசாலையில் சித்திரப் பாடம் படிப்பிக்கிறவள். 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் நாடே தெருவில் நின்றது. தன் பங்குக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று அவளுக்கும் இருந்தது. அப்போதுதான் ஒலுவிலில் வீடுகள் வரிசையாய் நின்ற ஓர் ஒழுங்கையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதைக் கண்டாள். வீடு விழுமுன் பெண்கள் முதலில் கழற்றி எடுத்தது கதவைத்தான். முதிரைக் கதவு, தேக்கங்கதவு. தாய்மார் தங்கள் கலியாணத்துக்குப் போட்டவை. சொந்தக்காரர் வீடுகளின் மதிலில் இருபத்தேழு கதவுகள் சாத்திக் கிடந்தன.

படம் எடுக்கலாமா என்று கேட்டபோது பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. முகம் வரக்கூடாது, முதுகும் வரக்கூடாது, நிழல்கூட வேண்டாம் என்றார்கள். ஊரில் கதை வரும், வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரர் போனில் ஏசுவார்.

“சரி, நீங்க வரவேணாம். ஒங்கட கதவு வரட்டும்” என்றாள் ஹுஸ்னியா.

அப்படித்தான் அது தொடங்கியது. ஒவ்வொருத்தியும் மருதோண்டி அரைத்து உள்ளங்கையில் பூசித் தன் கதவில் அழுத்தினாள். ஒரு சனிக்கிழமை இருபத்தேழு கதவுகளையும் லொறியில் ஏற்றி, அவரவர் வீட்டு முன்பக்கம் இருந்த இடத்திலேயே மணலில் நட்டார்கள். கடலைப் பார்த்துக் கதவுகள் நின்றன. கடலைத் தடுக்கக் கல்லணை வேண்டும் என்று ஒரு பதாகைகூட இல்லை. இருந்தும் சனம் விளங்கிக்கொண்டது. கொழும்பிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்கள்.

கதவுகள் எத்தனை நாளைக்கு நிற்கும்? மழை வந்தால் உக்கும், அடுப்புக்குப் போகும். அதனால் அதையெல்லாம் ஓர் ஆவணக்காப்பகமாக இணையத்தில் வைக்கலாம் என்று யோசனை சொன்னவன் கிசோக். காரைதீவுக்காரன், ஒரு நூலகத்தின் கணினிப் பிரிவில் வேலை. படமும், பெண்கள் சொன்ன கதையும், இடமும், திகதியும் சேர்த்து ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். கல்லணை கேட்டு அனுப்பிய மனுவோடும் அதே படங்களையே வைத்தார்கள். உரிமம் எது என்று கணினி கேட்டபோது ஹுஸ்னியா மிகவும் தாராளமானதைத் தெரிந்தாள். யாரும் எடுக்கலாம், பிரதி பண்ணலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எடுத்தவரின் பெயரைச் சொன்னால் போதும்.

அதற்குச் சம்மதம் வாங்கப் படிவத்தோடு இருபத்தேழு வீட்டுக்கும் போனாள். திறந்த உரிமம் என்றால் யாருக்கு விளங்கும்? அவளுக்கு ஒரு வழி தோன்றியது.

“வக்பு மாதிரித்தான்” என்றாள். “பள்ளிவாசலுக்கு ஒரு கிணத்த வக்பு செஞ்சா ஆரும் வந்து அள்ளலாம்தானே. ஊரான், அசலூரான் எண்டு பாக்கிறல்ல. குடுத்தவரும் மறுகா வந்து இது என்ட கிணறு எண்டு செல்ல ஏலாது. நன்மை மட்டும் அவருக்குப் போய்க்கிட்டே இரிக்கும். இந்தப் படங்களும் அப்பிடி.”

அதற்குப் பிறகு ஒருத்தரும் படிவத்தை வாசிக்கவில்லை. பேனையைத் தாங்க என்று கைநீட்டினார்கள். ஒருத்தி, “என்ட மௌத்தாப்போன உம்மாட பேருலயும் ஒண்டு போடுங்க டீச்சர், அவக்கும் நன்மை போகட்டும்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

முனவ்வறாவின் கதவைப் படம் எடுத்த நேரம் ஹுஸ்னியாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கதவுக்கு வலப்பக்கம், இருபதடி தள்ளி, மிஞ்சிய அறைகளும் குசினியும் நின்றன. உள்ளே இடியப்பம் வெந்துகொண்டிருந்தது. கூரைக்கு மேலே புகை. கொடியில் ஒரு பச்சைத் துப்பட்டி, கிணற்றடியில் சிவப்புப் பேசன். கமெராவுக்குள் பார்த்தபோது எல்லாம் கலகலப்பாக இருந்தது. ஒரு வீடு அழிந்ததுபோலவே இல்லை.

அவள் இடப்பக்கம் நாலு எட்டு நகர்ந்தாள்.

“குசினியும் வரட்டுமே டீச்சர்” என்று உள்ளேயிருந்து முனவ்வறா சத்தம் வைத்தார். “புகை நல்ல வடிவாப் போகுது.”

“வேணாம் ராத்தா. கதவு மட்டும் இரிந்தாத்தான் பாக்கிறவங்கட மனசுல குத்தும்.”

குத்தத்தான் செய்தது. இருபத்தேழு படங்களில் அதிகம் பேர் எடுத்துப் பரப்பியது அந்தப் படத்தைத்தான்.

*

முனவ்வறா போனபிறகு ஹுஸ்னியா கிசோக்குக்குப் போன் எடுத்தாள். விஷயத்தை முதலிலிருந்து சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே கணினியைத் திறந்து தேடினான்.

“டீச்சர், நம்மட தளத்தில இருந்து மறைக்கிறது அஞ்சு நிமிச வேலை. ஆனா அதால என்ன பிரயோசனம்?”

“படம் இல்லாமப் போயிரும்தானே.”

“எங்க இல்லாமப் போற? இப்பதான் தேடிப் பாத்தன். நாப்பத்தொரு இடத்தில கிடக்கு. ஜேர்மனியில ஒரு கண்காட்சி போட்டிருக்கு. ஒரு பாட்டுக்காரன் அவன்ட பாட்டுக்கு அட்டையாப் போட்டிருக்கான். கதவு விக்கிற கடை ஒண்டும் போட்டிருக்கு, சிரிக்காதீங்க.”

“நான் சிரிக்கல்ல தம்பி. உரிமத்த மாத்தேலாதா?”

“இனி எடுக்கிற ஆக்களுக்கு மாத்தலாம். முந்தி எடுத்தவங்களுக்கு மாத்த ஏலாது டீச்சர், குடுத்தது குடுத்ததுதான். அவங்க உங்கட பேரும் போட்டிருக்காங்க. ஒரு குற்றமும் பிடிக்க ஏலாது.” பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்: “நான் அண்டைக்கு மற்ற உரிமங்களையும் காட்டினன். விக்கக்கூடாது, மாத்தக்கூடாது எண்டு நிபந்தனை இருக்கிறத. நீங்கதான் சொன்னீங்க, பூட்டுப் போட்டுக் குடுக்கிறது குடுக்கிறதே இல்ல எண்டு.”

சொன்னாள்தான். அந்தத் தொனிகூட அவளுக்கு ஞாபகம் வந்தது.

“சரி, குசினி தெரியிற வேற படம் உங்கிட்ட இரிக்கா?”

“ஒரு கதவுக்கு ஒரு படம்தானே டீச்சர் தந்தனீங்க. மிச்சத்த அழிச்சாச்செண்டு நீங்கதான் சொன்னீங்க.”

அதுவும் உண்மைதான். அன்றைக்கு முந்நூறு படத்துக்குமேல் எடுத்திருந்தாள். இரவிருந்து தெரிவுசெய்து, கதவுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அழித்தாள். எதையும் ஒழுங்காக வைத்துப் பழகியவள். மேசை இலாச்சியில் இருந்த மெமரி கார்டைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தாள். இருபத்தேழு படங்கள் வரிசையாக வந்தன. பிறகு கிசோக் அனுப்பிய நாற்பத்தொரு முகவரிகளையும் திறந்தாள். ஒன்றில் படம் கறுப்பு வெள்ளையாக இருந்தது, ஒன்றில் கடலுக்கு ஊதா நிறம் பூசியிருந்தார்கள், ஒன்றில் கதவின் கையடையாளத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். எந்த ஒன்றிலும் குசினியின் ஒரு தகரம்கூட இல்லை.

திங்கட்கிழமை கொம்பனிக்குக் கடிதம் எழுதினாள். முதலில் தான் யார் என்பது. இரண்டாவது, படம் எதற்காக எடுக்கப்பட்டது என்பது. மூன்றாவது, படத்தில் தெரியாத பக்கத்தில் வீடு இருந்தது என்பது. நான்காவது, படத்தை விண்ணப்பத்திலிருந்து நீக்கும்படி வேண்டுகோள். ஒன்றரைப் பக்கம். மூன்றாம் நாள் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். தங்கள் கலைப் பணியை மதிக்கிறோம், உரிமத்தின் நிபந்தனையை முழுமையாக நிறைவேற்றியிருக்கிறோம், தங்கள் பெயரை வேறு விதமாகக் குறிப்பிட விரும்பினால் அறியத்தரவும்.

*

புதன்கிழமை பாடசாலை விட்டதும் ஒலுவிலுக்குப் போனாள். போனில் சொல்லக்கூடிய விஷயமாக அவளுக்குத் தெரியவில்லை.

முனவ்வறா குசினிக்குள் மாவு வறுத்துக்கொண்டிருந்தார். றுஸ்னா கதிரையைத் தூக்கிவந்து போட்டாள். கடலின் இரைச்சல் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. ஹுஸ்னியா எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்தாள். படத்தைத் திருப்பி எடுக்க முடியாது என்று இரண்டு தடவை சொல்லவேண்டி வந்தது.

முனவ்வறா அகப்பையை நிறுத்தவில்லை. கிளறியபடியே கேட்டார்.

“பள்ளிக் கிணறு எண்டு சென்னீங்களே டீச்சர்.”

“ஓம் ராத்தா.”

“பள்ளிக் கிணத்துக்கு ஒரு மரைக்காயர் இரிப்பாரு. ஆராவது வந்து மோட்டர் போட்டு வயலுக்கு இறைச்சா, டேய், இது தொழ வாறவங்க ஒளுச் செய்யக் குடுத்த தண்ணி, நிப்பாட்டு எண்டு செல்லுவாரு. அது இன்னத்துக்குத்தான் எண்டு எழுத்துலயும் இரிக்கும். இதுக்கு மரைக்காயர் ஆரு?”

வக்பு என்றால் என்ன என்று ஹுஸ்னியாவுக்கு இருபத்தேழு வீட்டுக்கும் பாடம் எடுக்கத் தெரிந்திருந்தது. இன்னதற்காக என்று ஒரு நோக்கம் எழுதவேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்ற பாதியை அவள் யோசிக்கவே இல்லை.

“இதுக்கு ஒருத்தரும் இல்ல ராத்தா.”

“அப்ப அது வக்பு இல்ல புள்ள. ரோட்டுல போட்டுட்டு வந்த சாமான்.”

கோபமாகச் சொல்லவில்லை. மாவு கருகிவிடாமல் பார்த்துக்கொண்டே சொன்னார். றுஸ்னாதான் தாங்காமல் வாயைத் திறந்தாள்.

“டீச்சருக்கென்ன, ஜேர்மனி வரைக்கும் பேர் போயிரிக்கி. எங்களுக்கு அஸ்கிட உம்மா வரைக்கும் கதை போயிரிக்கி. நேத்துப் போன் எடுத்துக் கேக்கா, மகள், ஊடு இரிக்கா இல்லையா, படத்துல ஒண்டையும் காணல்லையே எண்டு. எனக்கு என்ன செல்ற எண்டு தெரியல்ல. ஊட்டுக்குள்ள நிண்டுக்கிட்டே ஊடு இரிக்கி மாமி எண்டு சத்தியம் பண்றன்.”

“வாயப் பொத்து” என்றார் முனவ்வறா. “டீச்சர் விசாரணைக்கு வாறா. வந்து செல்லுவா.”

“நான் செல்லுவன்” என்றாள் ஹுஸ்னியா. “நான் எழுதினது பொய் எண்டு விசாரிக்கிற சேரிட்ட நேராச் செல்லுவன்.”

பஸ்ஸில் திரும்பும்போது அந்த வாக்கியத்தை மனதுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நிந்தவூர் வரைக்கும் நம்பினாள்.

*

விசாரணை அறையில் மின்விசிறி சத்தமாகச் சுற்றியது. காணிக்குப் பொறுப்பான நல்லரெத்தினம் என்ற உத்தியோகத்தர் மேசைக்குப் பின்னால் இருந்தார். நரைத்த மீசை, தணிந்த குரல். கொம்பனியின் சார்பில் துஷாந்தினி என்று ஓர் இளம் சட்டத்தரணி வந்திருந்தாள். முனவ்வறா கறுப்பு அபாயாவோடு கதிரையின் விளிம்பில் இருந்தார். பக்கத்தில் ஹுஸ்னியா.

“நான் போய்ப் பாத்தனான் அம்மா” என்று முனவ்வறாவிடம் சொன்னார் நல்லரெத்தினம். “ரெண்டு அறை, ஒரு குசினி. இல்லையெண்டு ஒருத்தரும் சொல்லல்ல. எப்ப கட்டினது எண்டதுதான் கேள்வி. பூச்சு புதுசு, தகரம் புதுசு.”

“கல்லு பழசு சேர். ஒரு இடத்துல சுரண்டிப் பாத்திரிக்கலாமே.”

“கல்லு எப்பவும் பழசுதானம்மா. அதுக்குத் திகதி இல்ல.” அவர் கோப்பைப் புரட்டினார். “அந்த நேரத்து கிராம சேவகரின்ட அறிக்கை இருக்கு. வீடு கடலரிப்பால அழிஞ்சது, படத்தைப் பார்க்கவும் எண்டு எழுதியிருக்கார். அவரும் இந்தப் படத்தைத்தான் வைச்சிருக்கார்.”

ஹுஸ்னியா எழுந்தாள்.

“சேர், அந்தப் படம் நான் எடுத்தது. வலது பக்கத்துல வீடு இரிந்தது. நான் வேணுமெண்டே விட்டுட்டு எடுத்தன். கீழ நான் எழுதினது உண்மையில்ல.”

நல்லரெத்தினம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

“ஏன் டீச்சர் அப்பிடி எழுதினீங்க?”

“பாதி வீடு போனத ஒருத்தரும் பாக்க மாட்டாங்க எண்டு நினைச்சன் சேர்.”

துஷாந்தினி எழுந்து, மெதுவாகத்தான் கேட்டாள்: “டீச்சர், அந்தத் தொகுப்பில இருபத்தேழு படம் இருக்கு. இந்த ஒண்டு மட்டும்தான் அப்பிடியா, வேறயும் இருக்கா?”

ஹுஸ்னியா அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவள் மனம் தானாகவே எண்ணத் தொடங்கியது. நாலாம் இலக்கக் கதவுக்குப் பக்கத்தில், படத்துக்கு வெளியே, ஒரு மலசலகூடம் இருந்தது. ஒன்பதில் கிணறும் மதிலும். பதினொன்றில் ஒரு முழு அறை. பதினாறு. இருபது. இருபத்திரண்டு.

“ஆறு” என்றாள். “இதோட ஏழு.”

“அதே இருபத்தேழு படத்தையும்தான் கல்லணை கேட்ட மனுவுக்கும் வைச்சிருக்கீங்க, இல்லையா?”

“ஓம்.”

“அவ்வளவுதான் சேர்” என்று அவள் இருந்துகொண்டாள்.

நல்லரெத்தினம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஹுஸ்னியாவின் பக்கம் தள்ளினார். உடனே கையை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

“டீச்சர், சொன்னத எழுதித் தந்தா நான் கோப்பில போடவேணும். போட்டா அது அந்த மனுவுக்கும் போகும். மற்றப் பொம்பிளையளுக்கும் அது பாதிக்கும். யோசிச்சிட்டு எழுதுங்க.”

ஹுஸ்னியா முனவ்வறாவைப் பார்த்தாள். முனவ்வறா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாகமெடுத்தவர் தண்ணீரைப் பார்ப்பதுபோல இருந்தது. ஹுஸ்னியா பேனையை எடுத்து எழுதினாள். ஏழு இலக்கங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

நல்லரெத்தினம் வாசித்தார். பிறகு தாளைக் கோப்பின் கடைசியில் வைத்துக் கட்டினார்.

“இவ்வளவு எழுதினாக் காணுமா சேர்?” என்று முனவ்வறா கேட்டார்.

“அம்மா, நான் ஒளிக்காமச் சொல்றன். டீச்சர் அண்டைக்கு எழுதினதுக்குத் திகதி இருக்கு, இடம் இருக்கு, மூண்டு வருசமா உலகமெல்லாம் கிடக்கு. இண்டைக்கு எழுதினதுக்கு அவவின்ட வாய்தான் சாட்சி. அந்த வாய் முந்தி பொய் எழுதினது எண்டும் அவவே சொல்றா. நான் எத நம்பினன் எண்டு மேல எழுதுற?”

“நீங்க எத நம்புறீங்க சேர்?” என்று கேட்டாள் ஹுஸ்னியா.

“நான் உங்கள நம்புறன் டீச்சர்” என்றார் அவர். “அத எழுத இந்தப் படிவத்தில ஒரு கட்டம் இல்ல.”

*

முடிவு மூன்று கிழமையில் வந்தது. பேர்மிற் இரத்து. கட்டடத்தை முப்பது நாளுக்குள் அகற்றவேண்டும். நில அளவைக்காரர் வந்து குசினிச் சுவரில் சிவப்பு மையால் ஓர் இலக்கம் எழுதிவிட்டுப் போனார்.

அதற்கு முன்பே ஒழுங்கைக்குள் கதை பரவிவிட்டது. ஒன்பதாம் இலக்கக் கதவுக்காரி ஹுஸ்னியாவுக்குப் போன் எடுத்து, “எங்கட கதவையும் பொய்யெண்டு எழுதிக் குடுத்தீங்களாமே டீச்சர்? நாங்க ஒங்களுக்கு என்ன செஞ்சோம்?” என்று கேட்டாள். கல்லணை மனு திரும்பவும் பரிசீலனைக்குப் போயிருப்பதாகக் கிசோக் சொன்னான். அஸ்கியின் தாயிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. பெருநாளுக்கு அனுப்பவேண்டிய சாமானும் வரவில்லை.

ஹுஸ்னியா ஒரு சனிக்கிழமை ஒலுவிலுக்குப் போனாள். வரச்சொல்லி அனுப்பியவர் முனவ்வறாதான். ஏசுவதற்காகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். ஏசட்டும், அதுவாவது நடக்கட்டும் என்று பஸ்ஸில் இருந்தாள். போய்ப் பார்த்தால் முனவ்வறா குசினிக்குள் பாய் விரித்து, ஒரு கொப்பித் தாளும் பேனையும் எடுத்து வைத்திருந்தார். அடுப்பில் இடியப்பச் சட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வெளியே றுஸ்னா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். ஹுஸ்னியாவைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மேல எழுதலாம் எண்டு றுஸ்னா செல்றாள். அப்பீல். எனக்கு ஒங்களவிட எழுதத் தெரிஞ்ச ஆள் ஆரு இரிக்கா?” என்றார் முனவ்வறா. “இரிங்க. நான் செல்லச் செல்ல எழுதுங்க. நீங்களா ஒண்டையும் கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்.”

“சரி ராத்தா.”

“என்ட உம்மா எனக்குத் தந்த ஊட்டுல இப்ப ரெண்டு அறையும் ஒரு குசினியும் மிச்சம். எழுதிட்டீங்களா? குசினி பத்தடி நீளம், எட்டடி அகலம். வடக்குப் பக்கம் ஜன்னல். ஜன்னலுக்குக் கம்பி மூணு, நடுக்கம்பி வளைஞ்சது, றுஸ்னா சின்னதுல தலைய விட்டு மாட்டிக்கிட்டாள். அதையும் எழுதுங்க.”

“அதையுமா?”

“எல்லாத்தையும்.”

ஹுஸ்னியா எழுதினாள். அடுப்புக் கல்லு எங்கிருந்து வந்தது என்பதை எழுதினாள். கூரையின் எந்த மூலையில் புகை படிந்து கறுத்திருக்கிறது என்பதை எழுதினாள். புதுப் பூச்சு எந்தச் சுவருக்கு, பழைய பூச்சு எந்தச் சுவருக்கு, பூசியவர் யார், அவர் இப்போது கட்டாருக்குப் போய்விட்டார் என்பதை எழுதினாள். ஒரு தாள் முடிந்து மறு தாள் ஆனது. எழுத்து சீராகத்தான் இருந்தது. இந்தத் தாள்கள் போய்ச் சேரும் கோப்பில் முதலாவதாக அந்தப் படம் இருக்கும், அதன்கீழ் அவளுடைய பெயர் இருக்கும், இதை யாராவது பிரித்தால் அதைப் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வருவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். முனவ்வறாவுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் பட்டது.

“கிணத்தடி வந்திட்டா?” என்றார் முனவ்வறா.

“இன்னும் இல்ல ராத்தா.”

“அப்ப எழுதுங்க. கிணறு கிழக்கால, பன்னிரண்டு முழம்.”